புகார் கொடுத்தவர் வெறும் சாட்சி இல்லை: வாச்சாத்தி வழக்கும் உங்கள் உரிமைகளும்

போன் திருடு போனால் எங்கே புகார் கொடுக்கணும்னு நமக்குத் தெரியும். பேங்க் அக்கவுன்ட்டில் பணம் போனால் 1930-க்கு அடிக்கணும்னும் தெரியும். ஆனா ஒருத்தர் அடிக்கப்பட்டால், மிரட்டப்பட்டால், பாலியல் வன்முறைக்கு ஆளானால்? 'ஸ்டேஷனுக்குப் போகணும்' என்பதோடு நம்மில் பல பேருடைய சட்ட அறிவு முடிந்துவிடுகிறது. ஸ்டேஷனுக்குப் போன பிறகு என்ன கேட்கணும், எந்தப் பேப்பரை வாங்கணும், கேஸ் எங்கே நிற்கிறதுன்னு யார் சொல்லணும், கோர்ட்டில் நம்ம குரலுக்கு இடம் உண்டா... இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

கைதாகிற ஆளுக்கு என்னென்ன உரிமை இருக்கிறது என்பதை சினிமா பார்த்தே கற்றுக்கொண்டோம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தணும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஜாமீன் கேட்கலாம். சரிதான், அந்த உரிமைகள் கட்டாயம் வேணும். ஆனா பாதிக்கப்பட்டவருக்கு? அவருக்கும் சட்டத்தில் பெரிய பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியல் சும்மா வரவில்லை. அது ஏன் தேவைப்பட்டது என்று புரிஞ்சுக்க, தருமபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் போனால் போதும். சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற வாச்சாத்திதான் அதற்குப் பாடப்புத்தகம்.

வாச்சாத்தியில் என்ன நடந்தது?

1992 ஜூன் 20. சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் கூட்டமாக வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். பின்னாளில் குற்றம்சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை 269. அதில் 155 பேர் வனத்துறை, 108 பேர் காவல்துறை, 6 பேர் வருவாய்த்துறை.

அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி என்ற பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஊர் மக்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆடு மாடுகள் போயின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பெண்ணும் உண்டு.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 100-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், கைக்குழந்தைகளோடு கைது செய்யப்பட்டு சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதாவது, பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகளாகப் பதிவானார்கள். யாரிடம் போய்ப் புகார் கொடுக்கணுமோ, அந்தத் துறை ஆட்களே வன்முறை செய்த கூட்டத்தில் இருந்தார்கள்.

விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம், தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் எடுத்த முயற்சி. கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் பொதுநல வழக்கு போட்டார். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் சார்பில் அதிகாரி பாமதி கிராமத்துக்கு நேரில் போய் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு போட்டது. 1996-ல் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

பிறகு 15 வருஷம். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதற்குள் குற்றம்சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 126 பேர் வனத்துறை, 84 பேர் காவல்துறை, 5 பேர் வருவாய்த்துறை. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றமும் நிரூபணமானது.

தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு போனார்கள். இன்னொரு 12 வருஷம் போச்சு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று, கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்த அதே தேதியில், எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு, அதில் 5 லட்சத்தை பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கணும், அவர்களுக்கோ குடும்பத்தினருக்கோ அரசு வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு, அன்றைய மாவட்ட ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை... இவ்வளவும் அந்த உத்தரவில் இருந்தன. உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றத்தான் இந்த நாடகம் என்ற பொருளில் நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது.

1992-லிருந்து 2023 வரை 31 வருஷம். இந்த வழக்கில் எங்கெல்லாம் கதவு சாத்தப்பட்டதோ, கிட்டத்தட்ட அங்கெல்லாம் இன்றைக்கு ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. இது வாச்சாத்தி மட்டுமே கொண்டுவந்த மாற்றம் இல்லை. நாடு முழுக்க நடந்த பல போராட்டங்கள், தீர்ப்புகள், குறிப்பாக 2012 டிசம்பர் டெல்லி சம்பவத்துக்குப் பிறகு வந்த 2013 சட்டத்திருத்தம் எல்லாம் சேர்ந்து வந்தவை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் இருக்கிறது. கீழே வருகிற பிரிவு எண்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தில் உள்ளவை. வாங்க, ஒவ்வொரு கதவாகப் பார்ப்போம்.

முதல்ல ஒரு கேள்வி: 'பாதிக்கப்பட்டவர்' யார்?

குற்ற வழக்கு என்றால் 'அரசு எதிர் குற்றவாளி' என்றுதான் நடக்கும். கேஸை நடத்துவது அரசு. அடிபட்டவர் அதில் ஒரு சாட்சி, அவ்ளோதான். ரொம்ப காலமாக இதுதான் நிலைமை. 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லுக்கு நடைமுறைச் சட்டத்தில் வரையறையே 2009 கடைசியில்தான் அமலுக்கு வந்தது. குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்த நபர், அவருடைய பாதுகாவலர், சட்டப்படியான வாரிசு எல்லோரும் இந்த வரையறைக்குள் வருவார்கள். அதாவது பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லை என்றாலும் குடும்பம் தொடர்ந்து போராடலாம். 31 வருஷம் இழுக்கிற ஒரு வழக்கில் இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்க.

கதவு 1: 'இது எங்க லிமிட் இல்லை'

பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு சேலம் பஸ்ஸில் ஒரு சம்பவம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு வந்து ஸ்டேஷனில் சொன்னால், 'அது சேலம் லிமிட்டும்மா, அங்க போய்க் கொடு' என்று அனுப்பக் கூடாது. பிரிவு 173-ன்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிவு செய்த பிறகு சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்பிவைக்கணும்.

மின்னணு முறையிலும் தகவல் கொடுக்கலாம். ஆனா மூணு நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்து போடணும். இதை மறந்துடாதீங்க.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணே தகவல் கொடுத்தால், அதைப் பெண் போலீஸ் அதிகாரியோ பெண் அலுவலரோதான் பதிவு செய்யணும். அவர் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவருடைய வீட்டிலோ அவர் விரும்புகிற இடத்திலோ போய்ப் பதிவு செய்யணும்.

கதவு 2: சி.எஸ்.ஆர். கையில் கொடுத்து அனுப்புவது

தமிழ்நாட்டில் இது நிறைய பேர் ஏமாறுகிற இடம். புகார் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அதற்குப் பேர் சி.எஸ்.ஆர். உங்கள் புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அது எஃப்.ஐ.ஆர். கிடையாது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்கு என்று ஒன்று பிறக்கும், குற்ற எண் கிடைக்கும், பிரிவுகள் போடப்படும்.

கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. மூணு வருஷத்திலிருந்து ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். அதனால் 'விசாரிச்சிட்டு இருக்கோம்' என்று சொன்னால், எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டதும் அதன் நகல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கணும். ஜெராக்ஸ் காசுகூடக் கேட்கக் கூடாது.

போட மறுத்தால்? புகாரை எழுத்தில், பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனு போடலாம். இந்த வரிசையை மாற்றாதீங்க. எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதுதான் கோர்ட்டில் உங்களுக்குக் கைகொடுக்கும். பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற குற்றங்களில் தகவலைப் பதிவு செய்யாத அரசு ஊழியருக்கே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 199-ன்படி ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் தண்டனை உண்டு. எஸ்.பி.க்குப் போகும் வழி 1992-லும் சட்டத்தில் இருந்தது. பதிவு செய்ய மறுப்பவருக்கு இந்தத் தண்டனை அப்போது இல்லை.

கதவு 3: 'ஸ்டேஷனுக்கு வா, விசாரிக்கணும்'

பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையான நோயில் இருப்பவர்கள் ஆகியோரை சாட்சி விசாரணைக்கு அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கேயும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பிரிவு 179 இதைச் சொல்கிறது. தானே விரும்பி வந்தால் அது வேறு விஷயம்.

பாலியல் வன்கொடுமை வழக்கில் வாக்குமூலத்தை அவருடைய வீட்டிலோ அவர் தேர்ந்தெடுக்கும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரியே பதிவு செய்யணும். பெற்றோர், பாதுகாவலர், நெருங்கிய உறவினர் அல்லது சமூகப் பணியாளர் கூட இருக்கலாம். மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலமும் முடிந்தவரை பெண் மாஜிஸ்ட்ரேட்டிடம்தான்.

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டம் வந்துவிடும். குழந்தையிடம் பேசும் போலீஸ் அதிகாரி யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. எந்தக் குழந்தையையும் ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. வாச்சாத்தியில் குழந்தைகள் அம்மாக்களோடு சிறைக்கே போனார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படிங்க.

கதவு 4: 'முதல்ல போலீஸ் கேஸ் போட்டுட்டு வாங்க'

ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் வசனம் இது. சட்டப்படி தப்பு. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, போக்சோ குற்றங்களில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, முதலுதவியும் சிகிச்சையும் உடனே இலவசமாகக் கொடுக்கணும். போலீஸுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை. பிரிவு 397. மறுத்தால் ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை.

மருத்துவப் பரிசோதனை என்றால், சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதம் கட்டாயம். போலீஸுக்குத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அவரை டாக்டரிடம் அனுப்பணும். டாக்டர் ஏழு நாளுக்குள் அறிக்கையை விசாரணை அதிகாரிக்கு அனுப்பணும். முடிந்தால் அதுவரை குளிக்காமல், துணி துவைக்காமல் இருப்பது தடயத்துக்கு நல்லது. ஆனா குளித்துவிட்டால் கேஸ் போச்சு என்று அர்த்தம் இல்லை. புகார் கொடுக்கத் தயங்காதீங்க. தாமதமான புகாருக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

கதவு 5: 'கேஸ் போயிட்டு இருக்கு'

எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு. ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகுது. போன் பண்ணினால் ஒரே பதில்தான். பிரிவு 193-ன்படி, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்கணும். மெசேஜ் மாதிரி மின்னணு வழியிலும் சொல்லலாம். அதனால் புகாரிலேயே உங்கள் போன் நம்பரைச் சரியாக எழுதுங்க, நம்பர் மாற்றினால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்க. பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளில் விசாரணையையே இரண்டு மாதத்துக்குள் முடிக்கணும்.

சார்ஜ் ஷீட் தாக்கலான பிறகு அதன் நகல் குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கிடைப்பது பழைய விஷயம். இப்போது பாதிக்கப்பட்டவருக்கு வக்கீல் இருந்தால் அவருக்கும் இலவசமாகக் கிடைக்கணும். அதைப் படித்துப் பார்த்தால்தான் நீங்கள் சொன்ன முக்கியமான ஆள் பேர் அதில் இருக்கிறதா, சாட்சி விட்டுப்போயிருக்கிறதா என்று தெரியும்.

கோர்ட் நம்பர் விழுந்ததும் சி.என்.ஆர். என்ற 16 இலக்கக் குறியீடு கிடைக்கும். இ-கோர்ட்ஸ் ஆப்பை போனில் போட்டு அந்த நம்பரை அடித்தால், அடுத்த வாய்தா என்றைக்கு, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். அரை நாள் லீவு போட்டு கோர்ட்டுக்கு அலைய வேண்டிய வேலையை இது மிச்சம் பிடிக்கும்.

கதவு 6: செய்தவர் அரசு ஊழியர் என்றால்?

வாச்சாத்தியின் மையமே இதுதான். அரசு ஊழியர் பணியில் இருக்கும்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு வழக்கு நடத்த, அரசின் முன் அனுமதி தேவை என்று ஒரு பிரிவு உண்டு. பல வழக்குகள் அந்த ஒரு கடிதத்துக்காகவே தூங்கும். 2013 திருத்தத்தில் இதற்கு ஒரு விதிவிலக்கு வந்தது. பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட பாலியல் குற்றங்களுக்கு அப்படி அனுமதியே வேண்டாம். புதிய சட்டத்தில் பிரிவு 218-லும் இது தொடர்கிறது. மற்ற குற்றங்களில் அனுமதி கேட்டு 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்கவில்லை என்றால், அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

பாதிக்கப்பட்டவர் எஸ்.சி. அல்லது எஸ்.டி. சமூகத்தைச் சேர்ந்தவர், செய்தவர் அந்தச் சமூகங்களைச் சேராதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். அதில் 2016 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கும் பிரிவு 15-ஏ பாதிக்கப்பட்டவர்களின், சாட்சிகளின் உரிமைகளுக்கென்றே எழுதப்பட்டது. ஜாமீன் மனு உட்பட எந்த விசாரணை வந்தாலும் உங்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் வரணும். ஜாமீன், விடுதலை, தண்டனை எல்லாவற்றிலும் உங்கள் தரப்பைக் கேட்கணும். இந்த நோட்டீஸ் கட்டாயம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. வேண்டுமென்றே கடமையைச் செய்யாத, எஸ்.சி., எஸ்.டி. அல்லாத அரசு ஊழியர் மீதும் இதே சட்டத்தில் வழக்கு உண்டு. புகாரில் சாதிச் சான்றிதழ் நகலைச் சேர்த்துவிட்டால் இந்தப் பிரிவுகள் தள்ளிப்போகாது.

கதவு 7: கோர்ட்டில் நம்ம வக்கீல் பேசலாமா?

கேஸை நடத்துவது அரசு வக்கீல்தான். ஆனா கோர்ட் அனுமதியோடு நீங்கள் உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்து அவருக்கு உதவலாம். சாட்சி விசாரணை முடிந்த பிறகு எழுத்துபூர்வமாக வாதம் கொடுக்கலாம். அரசு வக்கீலை ஒதுக்கிவிட்டு உங்கள் வக்கீலே முழுசாக வழக்கை நடத்த முடியாது. இது எல்லை.

ஆனா ஒரு விஷயத்தில் எல்லை விரிந்திருக்கிறது. லக்கிம்பூர் கேரி வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவருக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சரியாகப் பேச வாய்ப்பு தரவில்லை என்பது முக்கியக் காரணம். குற்றம் நடந்ததிலிருந்து மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கேற்கும் உரிமை உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. அதேபோல, அரசு ஒரு வழக்கை வாபஸ் வாங்க நினைத்தால், பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கோர்ட் அனுமதிக்கக் கூடாது. இது பிரிவு 360, புதிய சட்டத்தில் வந்தது.

குற்றவாளியை விடுதலை செய்துவிட்டால்? சின்னக் குற்றமாகக் குறைத்துவிட்டால்? இழப்பீடு போதவில்லை என்றால்? மூன்றுக்கும் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். பிரிவு 413. அரசு மேல்முறையீடு செய்யுமா என்று வாய் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

மிரட்டல் வந்தால் அதையும் சும்மா விடாதீங்க. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்பு கேட்டு மனு போடலாம். போலீஸ் காவல், கேமரா, தேவைப்பட்டால் வேறு இடத்தில் தங்கவைப்பது வரை அதில் வழி இருக்கிறது.

கதவு 8: பணம்... தீர்ப்பு வரும்வரை காத்திருக்கணுமா?

வேண்டாம். இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். வாச்சாத்திப் பெண்களுக்கு 10 லட்சம் என்ற உத்தரவு வர 31 வருஷம் ஆனது. அதற்குள் சிலர் இறந்தும் போனார்கள். இன்றைக்கு இழப்பீட்டுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

- அபராதத்திலிருந்து: குற்றவாளி கட்டும் அபராதத்தில் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். தீர்ப்புக்குப் பிறகுதான் இது.

- மாநில இழப்பீட்டுத் திட்டம்: பிரிவு 396. தமிழ்நாட்டில் 2013-லிருந்து திட்டம் இருக்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கணும். குற்றவாளி யார் என்றே தெரியவில்லை என்றாலும், விசாரணையே நடக்கவில்லை என்றாலும் மனு போடலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்லணும். அவசர மருத்துவச் செலவுக்கு இடைக்கால உதவியும் உண்டு.

- பெண்களுக்கான திட்டம்: தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2018-ல் தயாரித்த திட்டத்தில், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் ரூபாய் என்று வரம்பு வைக்கப்பட்டது.

- எஸ்.சி., எஸ்.டி. நிவாரணம்: மத்திய அரசின் 2016 விதிகளில் குற்றத்தைப் பொறுத்து 85 ஆயிரம் முதல் 8.25 லட்சம் ரூபாய் வரை. இது கட்டம் கட்டமாக வரும். பாலியல் வன்கொடுமை என்றால் மருத்துவ அறிக்கை உறுதியானதும் பாதி, சார்ஜ் ஷீட் போட்டதும் கால் பங்கு, கீழ்க்கோர்ட் விசாரணை முடிந்ததும் மீதி. மாவட்ட நிர்வாகம்தான் வழங்கும்.

இழப்பீடு வாங்கினால் கேஸ் வீக்காகிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. இது 'சமாதானப் பணம்' இல்லை. அரசு தன்னுடைய பொறுப்பில் கொடுப்பது. வாங்கிய பிறகும் வழக்கு அப்படியே நடக்கும்.

வக்கீலுக்குக் காசு இல்லையே?

1987-ம் வருடச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஆட்கள் தருமபுரியில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். போக முடியவில்லையா, 15100-க்கு போன் பண்ணுங்க.

போன் கையில் இருக்கும்போது செய்ய வேண்டியவை

- புகாரின் ஒவ்வொரு பக்கத்தையும் கொடுப்பதற்கு முன் போட்டோ எடுங்க. சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர்., தபால் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவைங்க.

- ஆடியோ, வீடியோ, ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் இருந்தால் ஒரிஜினலை அழிக்காதீங்க, எடிட் பண்ணாதீங்க. மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-ன்படி ஒரு சான்றிதழும் தேவைப்படும். எந்த போனில் எடுத்தது என்று சொல்ல முடியணும்.

- யாரோடு பேசினீர்கள், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்று போனில் நோட்ஸ் எழுதி வைங்க. ரெண்டு வருஷம் கழித்து கோர்ட்டில் கேட்கும்போது ஞாபகம் கைவிடும். நோட்ஸ் கைவிடாது.

- பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் பேர், போட்டோ, ஊர், ஸ்கூல் என்று அடையாளம் தெரிகிற எதையும் ஸ்டேட்டஸில் போடாதீங்க. 'நீதி வேண்டும்' என்ற நல்ல எண்ணத்தில் போட்டாலும் குற்றம்தான். இரண்டு வருஷம் வரை சிறை.

சேவ் பண்ண வேண்டிய நம்பர்கள்

- 112: அவசர உதவி
- 181: பெண்கள் உதவி எண்
- 1098: குழந்தைகள் உதவி எண்
- 1930: சைபர் பண மோசடி
- 14566: எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைப் புகார்
- 15100: இலவச சட்ட உதவி

181-க்கு அடித்தால் உங்கள் மாவட்டத்தில் இருக்கும் ஒன் ஸ்டாப் சென்டருக்கும் வழி காட்டுவார்கள். தங்குமிடம், கவுன்சலிங், மருத்துவம், சட்ட உதவி எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

'சட்டம் இருக்கு, நடக்குதா?'

நியாயமான கேள்வி. மேலே சொன்ன எதுவும் தானாக நடந்துவிடாது. 90 நாள் ஆச்சு என்று போலீஸே போன் பண்ணிச் சொல்லும் என்று காத்திருந்தால், காத்திருக்க வேண்டியதுதான். இழப்பீட்டு மனுவை யாரும் உங்கள் வீட்டு வாசலில் வந்து எழுதித் தரப்போவதில்லை. பாதிக்கப்பட்டவர் உரிமைகளில் பெரும்பாலானவை, கேட்டால்தான் கிடைக்கும் வகை. அதுவும் ஒரு ஆள் தனியாகப் போய்க் கேட்பதைவிட, கூட ரெண்டு பேர் நின்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

வாச்சாத்தியில் ஜெயித்தது சட்டம் மட்டும் இல்லை. அந்தப் பெண்கள் 31 வருஷம் வாக்குமூலத்தை மாற்றவில்லை. சங்கம், கட்சி, வக்கீல்கள், ஆணையம் என்று யாராவது ஒருவர் எப்போதும் கூட நின்றார்கள். எழுதப் படிக்க வாய்ப்பே கிடைக்காத பலர் அந்த ஊரில் இருந்தார்கள். எந்தப் பிரிவு, எந்த ஆபீஸ் என்று தேடிப் பார்க்க அவர்கள் கையில் எதுவும் இல்லை.

உங்கள் கையில் போன் இருக்கிறது. உங்கள் தெருவிலோ காலேஜிலோ வேலை பார்க்கும் இடத்திலோ ஒருத்தருக்கு நாளைக்கே இது தேவைப்படலாம். அப்போ 'போலீஸுக்குப் போ' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. கூடப் போங்க. எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வந்த பிறகு சேர்ந்து வீட்டுக்கு வாங்க.